விலகி இருத்தலும் விலக்கி வைத்தலும்

சென்ற தை மாதத்தில் எம் இல்லத்தில் ஒரு சிறு சச்சரவு எழுந்தது. எம் தமையனாரின் பேரனுக்குத் திருமணம். முதல்நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். பெங்களூரில் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் எம் பேத்தி, தனக்கு விடுப்பு இல்லையென்றும் அதனால் வர இயலாதென்றும் தொலைபேசியில் தெரிவித்தாள். தமையனார் மனம் வருந்தினார். "நம் வீட்டுப் பெண்ணுக்கே நம் வீட்டு விசேஷம் வேண்டாதது ஆகிவிட்டதா?" என்று எம்மிடம் கேட்டார். இரண்டு நாள் கழித்துப் பேத்தி எம்மை மட்டும் தனியே அழைத்து உண்மையைச் சொன்னாள். விடுப்பு இருக்கிறது. "அத்தனை பேர் நடுவே மூன்று மணி நேரம் நின்றால், பாட்டி, அதன் பிறகு இரண்டு நாள் எனக்கு உயிரே இருக்காது. எல்லோரும் நல்லவர்கள்தாம். ஆனாலும் என்னால் முடியவில்லை."

யாம் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ளும் தகுதி எமக்கு இருந்ததாகவும் தோன்றவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம். ஆயினும் அவள் சொன்ன பொய் எம்மை உறுத்தியது. கூட்டத்திலிருந்து விலகியிருக்க விரும்புவது குற்றமா? குற்றமன்று எனில், அதற்கு ஏன் பொய் வேண்டியிருக்கிறது? இவ்வினாவை இப்பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்களின் முன் வைக்க விரும்புகிறோம். ஏனெனில் இது பெரிய சமூகத்தாரைக் காட்டிலும் நம்மை அதிகம் தொடும் வினா. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுச் சமணர் அனைவரும் சேர்ந்தே ஒரு இலட்சத்துக்குக் குறைவு. அதிலும் வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரை நீக்கினால் நாம் எத்தனை பேர்? சேவூரில் ஒருவர் பூஜைக்கு வராவிட்டால் அன்று நண்பகலுக்குள் ஆரணி வரை தெரிந்துவிடும். ஆயிரம் பேர் வரும் வீட்டில் ஒருவர் வராதது தெரியாது. நூறு பேரே உறவென்று இருக்கும் இடத்தில் ஒருவர் வராதது அவமதிப்பாகவே படும். தமையனாரின் வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

யாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் உளவியல் பாடத்தில் மனிதரை அகமுகர் என்றும் புறமுகர் என்றும் பிரித்துக் கற்பித்தார்கள். யுங் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவ அறிஞர் 1921 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலால் பரவிய பாகுபாடு அது. மனத்தின் ஆற்றல் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல். சிலருக்கு அது புற உலகை நோக்கிப் பாய்கிறது. சிலருக்கு உள்நோக்கிப் பாய்கிறது. முழுக்க அகமுகரோ முழுக்கப் புறமுகரோ எவருமில்லை என்பதும் அவர் கருத்தே. ஆனால் எமக்குக் கற்பித்தவர்கள் அதைக் கற்பித்த முறை வேறு. அகமுகக் குழந்தை என்றால் ஏதோ குறையுள்ள குழந்தை. அதை மேடையேற்றிச் சரிசெய்வது ஆசிரியர் கடமை. தேர்வில் அப்படியே எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம்.

அக்கல்வியின் பயனாக, பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு ஒரு பிழை செய்தோம். வகுப்பில் வாய்திறவாத ஒரு பையன் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். அவனை ஆண்டு விழாவில் பேசவைத்தே தீருவது என்று பிடிவாதமாக நின்றோம். ஒரு மாதம் பழக்கினோம். விழாவன்று திரை விலகியதும் அவன் நான்கு வரி பேசினான். பின் மேடையிலேயே வாந்தி எடுத்துவிட்டான். சிரிப்பொலி எழுந்தது. அதற்கடுத்த வாரம் முழுவதும் அவன் பள்ளிக்கு வரவில்லை. இத்தனைக்கும் யாமும் அவனைப் போன்றவரே. எம் குறையென எண்ணியதை அவனிடத்தில் திருத்த முயன்றோம் என்பதே சரி.

ஆம், யாமும் அவ்வகையினரே. பள்ளியில் நாள் முழுதும் ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே நிற்பவள் எப்படி அகமுகர் ஆவாள் என்று கேட்கலாம். பாடம் நடத்துவது வேறு, பழகுவது வேறு. பாடம் நடத்துகையில் பேசுவது பாடம். யாம் அதன் பின்னே மறைந்துகொள்ளலாம். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. மாலை ஐந்தரை மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கும்போது எம்மிடம் ஒரு சொல்லும் மீந்திராது. பொழுது சாய்வதற்குள் சமைத்து, பிள்ளைகளுக்கு இட்டு, உண்டு முடித்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் கிணற்றடிக் கல்லில் போய் அமர்ந்துவிடுவோம். இருட்டும் வரை எவரிடமும் பேசமாட்டோம். அதைச் சாமாயிகம் என்று எமக்கு யாமே சொல்லிக்கொண்டோம். வீட்டாரும் அப்படியே நம்பி எம்மைத் தொந்தரவு செய்யாதிருந்தனர்.

தெருத் திண்ணையில் எம் மாமியார் அமர்ந்திருப்பார். கணவரை இழந்தவர், கண்ணில் புரை விழுந்து படிக்கவும் இயலாதவர். செஞ்சிப் பக்கத்தில் பதினெட்டுப் பேர் கொண்ட கூட்டுக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்து, பேச்சே மூச்சாக இருந்தவர். காலையில் யாமும் எம் கணவரும் பணிக்குச் செல்வோம். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வார்கள். பகல் முழுவதும் அவர் மாலைக்காகக் காத்திருப்பார். மாலையில் யாம் கிணற்றடிக்குப் போய்விடுவோம். ஒரு நாள் அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் வரை வந்து நின்றார். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பேசிட்டு வந்துட்ட. எனக்கு ஒரு வார்த்த மிச்சம் வெக்கக்கூடாதாம்மா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடன் கேட்பவர் போலச் சொன்னார். யாம் என்ன விடை சொன்னோம் என்பது நினைவில் இல்லை. விடையே சொல்லாதிருந்திருக்கலாம்.

1994 ஆம் ஆண்டு ஆடியில் அவர் மறைந்தார். துக்கம் கேட்க வந்த எதிர்வீட்டுத் தறிக்கார அம்மாள் ஒரு செய்தி சொன்னார். எம் மாமியார் நாள்தோறும் பிற்பகலில் அவர்கள் தறியருகே போய் அமர்வாராம். நாடா ஓடும் ஓசைக்கு நடுவே, "எம் மருமவ இந்நேரம் என்ன பாடம் நடத்துறாளோ" என்பாராம். எம்மிடம் கேட்கமுடியாததை அவர் தறியிடம் கேட்டிருக்கிறார்.

கிணற்றடியில் யாம் இருந்தது சாமாயிகமன்று என்பதை அதன் பிறகுதான் ஒப்புக்கொண்டோம். வாய் மூடியிருந்தது, மனமோ தலைமையாசிரியர் சொன்னதையும் அதற்கு யாம் சொல்லியிருக்க வேண்டியதையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று குப்திகளில் வசனகுப்தி ஒன்றை மட்டும் கைக்கொண்டு மனோகுப்தியைக் கைவிட்டால் எஞ்சுவது மௌனமாகாது. களைப்பு என்றே அதைச் சொல்லவேண்டும். களைப்பு பாவமன்று. உடலுக்குப் பசி எப்படியோ மனத்துக்கு அது அப்படி. ஆனால் களைப்புக்கு விரதம் என்று பெயரிட்டபோது பிறர் எம்மிடம் கேட்கும் உரிமையை யாம் பறித்துவிட்டோம். விரதத்தில் இருப்பவரை யார் அழைப்பார்?

இனி, நம் அறநூல்கள் இதில் என்ன வழி காட்டுகின்றன என்று பார்ப்போம். மிகப் பேசுவதை நம் முன்னோர் குணமாகக் கொண்டதே இல்லை. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்ததண்ட விரதத்தின் அதிசாரங்களில் ஒன்றாக மௌகர்யம் என்னும் வாயாடித்தனம் எண்ணப்பட்டுள்ளது. பயனின்றிப் பேசுவதும் பயனின்றித் தீங்கு செய்வதும் ஓரினம் என்பது அதன் கருத்து. அந்நூலின் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச் செப்பைச் சிறு வயதில் பாராயணம் செய்த மூத்த வாசகர்கள் இதை அறிவார்கள். ஆகவே, "கலகலப்பாக இல்லை" என்பதற்காக எந்தப் பெண்ணையும் பிள்ளையையும் குறை கூறும் உரிமை சமணக் குடும்பத்தாருக்கு இல்லை என்றே கருதுகிறோம்.

ஆனால் விலகலுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. இது எமக்கு முதுமையில்தான் புரிந்தது. சிட்சா விரதங்கள் நான்கில் முதலாவதாக அந்நூல் வைப்பது தேசாவகாசிகம். வாழ்நாள் முழுமைக்கும் திசைகளுக்கு எல்லை வகுப்பது திக்விரதம். அவ்வெல்லைக்குள்ளும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மேலும் சுருங்கிய எல்லையை வகுத்துக்கொள்வது தேசாவகாசிகம். இவ்வீடு, இத்தெரு, இவ்வூர், இவ்வயல், இந்த ஆறு என்று இடத்துக்கு எல்லை சொல்லவேண்டும். ஒரு பட்சம், ஒரு மாதம், நான்கு மாதம், ஓர் அயனம், ஓர் ஆண்டு என்று காலத்துக்கும் எல்லை சொல்லவேண்டும். இடமும் காலமும் சொல்லாமல் விலகினால் அது இவ்விரதம் ஆகாது. சாமாயிகத்துக்கும் அப்படியே. இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், என்று ஓர் அளவு வழக்கில் உண்டு. தொடங்கும்போது சங்கற்பம் உண்டு. முடியும்போது எழுந்து வீட்டு வேலைக்குத் திரும்புதல் உண்டு. அந்த நேரத்தில் இல்லறத்தாரையும் துறவிக்கு ஒப்பாக ஆசாரியர் மதிக்கிறார். ஆனால் அந்த நேரத்துக்கு மட்டுந்தான்.

கிணற்றடியில் யாம் செய்யாதது அதுவே. "அத்தை, எனக்கு இரண்டு நாழிகை வேண்டும். பிறகு வந்து உங்களோடு உட்காருகிறேன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அவர் அந்த இரண்டு நாழிகையை மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பார், எவரும் நெருங்காமல் காவலும் இருந்திருப்பார். எல்லை தெரிந்த தனிமையை மனிதர் பொறுத்துக்கொள்கிறார்கள். எல்லை தெரியாத தனிமையில் மற்றவர் தம் குற்றத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். "நான் என்ன செய்துவிட்டேன்?" என்று அவர்கள் மனம் புழுங்குவது யாம் இழைக்கும் ஹிம்சை அல்லாமல் வேறென்ன?

நான்கு சிட்சா விரதங்களில் இறுதியில் நிற்பது வையாவிருத்தியம் என்பதும் நோக்கத்தக்கது. குணமுடைய துறவியர்க்குத் தானமும் தொண்டும் செய்து அவர்தம் இளைப்பை ஆற்றுவது அது. எல்லையைச் சுருக்கிக்கொள், தனித்திரு, நோன்பிரு என்று மூன்று படிகள் உள்நோக்கி அழைத்துச் சென்ற ஆசாரியர், நான்காம் படியில் மற்றவர் முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். வரிசை அப்படி அமைந்தது தற்செயலாக இருக்கலாம். எமக்கு அப்படித் தோன்றவில்லை.

இல்லறத்திலும் வணிகத்திலும் இருந்துகொண்டே இதைச் செய்து காட்டியவர் ஸ்ரீமத் இராஜசந்திரர். 1867 இல் கத்தியவாரில் பிறந்து 1901 இல், முப்பத்து மூன்று வயதில் மறைந்தவர். ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைக்கும் சதாவதானத்தை 1887 இல் பம்பாயில் பெருங்கூட்டத்தின் முன் நிகழ்த்திப் புகழ் பெற்றார். புகழ் வளரும் வேளையிலேயே, ஆன்ம முன்னேற்றத்துக்கு உதவாதென்று அதனை விட்டுவிட்டார். மேடை கூசியதால் விட்டவரல்லர். மேடையில் வென்று, பின் விட்டவர். பம்பாயில் வைரமும் முத்தும் விற்றார். மனைவி மக்களோடு வாழ்ந்தார். ஆண்டின் சில காலம் குஜராத்தின் சிற்றூர்களுக்கும் ஈடர் மலைப்பகுதிக்கும் சென்று தனித்திருந்தார். 1891 இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள் அவரை முதன்முதல் சந்தித்தார். வணிகப் பேச்சு முடிந்த கணமே அவர் கை ஆன்மிக நூலையோ நாட்குறிப்பையோ நாடும் என்று காந்தியடிகள் தம் வரலாற்றில் வியந்து எழுதியுள்ளார். கடையிலேயே, வாடிக்கையாளர் வந்து போகும் இடைவெளியில் அமைந்த தனிமை அது. எந்த வாடிக்கையாளரையும் அவர் அதற்காகத் திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை.

காந்தியடிகளே இளமையில் மிகுந்த கூச்சமுடையவர். இலண்டனில் சைவ உணவாளர் சங்கத்தில் எழுதிவைத்த உரையைக்கூடப் படிக்க முடியாமல் நின்றவர். அக்கூச்சமே தமக்குச் சொற்சிக்கனத்தைக் கற்பித்தது என்று பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஓயாமல் மக்கள் சூழ வாழ்ந்த அவர் திங்கட்கிழமைதோறும் மௌனம் காத்தார். அதை நாடு முழுதும் அறியும். அதனால் எவருக்கும் வருத்தம் எழவில்லை. 1947 ஜூன் 2 ஆம் நாள், நாட்டுப் பிரிவினைத் திட்டம் பற்றி வைசிராய் மவுண்ட்பேட்டன் அவரைச் சந்தித்தார். அன்று திங்கட்கிழமை. அவர் மௌனத்தைக் கலைக்கவில்லை, சந்திப்பைத் தவிர்க்கவுமில்லை. பழைய உறைகளின் பின்புறத்தில் விடைகளை எழுதிக் காட்டினார்.

இவ்வளவு பெரியோரைத் தேடிப் போகவேண்டியதில்லை. எம் தெருவிலேயே சான்று உண்டு. பட்டு நெய்பவர் குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்துவிட்டால் பகல் முழுவதும் தனி. ஊடை எண்ணிக்கையில் பிசகினால் கரையில் பூ மாறிவிடும்; பேச்சுக்கு இடமில்லை. ஆனால் விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது அவரால் தனித்திருக்க முடியாது. இந்தக் கோடியில் இருவர், அந்தக் கோடியில் இருவர், நடுவில் இழை சரிபார்க்கச் சிலர் என்று வேண்டும். இன்று இவர் பாவுக்கு அவர் வந்தால், நாளை அவர் பாவுக்கு இவர் போகவேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் சிரிப்பும் வம்பும் தெருவெல்லாம் கேட்கும். பொழுது ஏறியதும் அவரவர் குழிக்குத் திரும்புவர். (பட்டுக்காகக் கூட்டுப்புழுக்கள் வெந்நீரில் மடிவதை எண்ணி நம்மவரில் பலர் பட்டுடுத்துவதில்லை, யாமும் அவ்வாறே. ஆயினும் பட்டு நெய்யும் ஊரில் பிறந்து, அதை நெய்து வயிறு வளர்ப்போரிடம் கற்றதை மறைப்பது நன்றியன்று.)

2006 இல் சிரவணபெளகொளாவில் மகாமஸ்தகாபிஷேகம் நிகழ்ந்தபோது இப்பகுதிக் குடும்பங்களோடு பேருந்தில் சென்றோம். மாமியார் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 57 அடி உயரத்தில், ஓர் ஆண்டு அசையாமல் நின்று கொடிகள் காலில் படர்ந்த தனிமையின் வடிவமாகப் பாகுபலி நிற்கிறார்; அவர் காலடியில் இலட்சக்கணக்கில் கூட்டம். நெரிசலில் எமக்கு மூச்சு முட்டியது. ஒரு பாறையோரம் ஒதுங்கினோம். அங்கே நிற்கும்போது அப்புராணக் கதையின் ஒரு பகுதி நினைவுக்கு வந்தது. அத்தகைய தவத்துக்குப் பின்னும் அவருக்குக் கேவலஞானம் உடனே சித்திக்கவில்லை. தமையன் பரதன் பொருட்டு உள்ளத்தில் ஓர் உறுத்தல் எஞ்சியிருந்தது. பரதனே வந்து வணங்கிய பின்னர்தான் அது நீங்கியது. உறவில் தீராத கணக்கு ஒன்று இருந்தால் காட்டில் ஓராண்டு நின்றாலும் அது கூடவே நிற்கும்போலும். எம் கணக்கைத் தீர்க்க வரவேண்டியவரோ இனி வரமாட்டார். கூட்டம் குறையும் வரை அந்தப் பாறையோரத்திலேயே இருந்தோம்.

தமையனாரிடமும் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. வரவேற்பு என்னும் இந்த இரவுக் கூட்டம் நமக்கு எப்போது வந்தது? எம் திருமணத்தில் அது இல்லை. பொழுது சாய்ந்தபின் உண்ணாத குடிகள் நாம். அதனால் விருந்தும் பேச்சும் கதிரவனோடு முடிந்தன. உயிர்களுக்குத் தீங்கு வாராதிருக்க ஏற்பட்ட அவ்விரதம், பேசிக் களைத்த மனத்துக்கும் ஒரு கதவை அடைத்துக் கொடுத்திருந்தது. இன்று இரவு ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கி முன்னால் வரிசையில் நின்று, புகைப்படத்துக்குச் சிரித்து, இலை முன் அமர்கிறோம். அதில் கலந்துகொள்ளாத பெண்ணைக் குறை சொல்கிறோம்; விரதத்தை மீறிய நம்மைச் சொல்வதில்லை. தமையனாருக்கு இது பிடிக்கவில்லை. "ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா?" என்றார்.

பேத்தியிடமும் கடுமையாகவே ஒன்று சொன்னோம். மங்கல வீட்டில் நேரத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். துக்க வீட்டில் அப்படி முடியாது. அங்கே பேச்சுத் திறமை தேவையில்லை. போய் உட்கார்ந்தால் போதும். அகமுகருக்கு அது எளிதும்கூட. "கூட்டம் ஒவ்வாது" என்பதைக் காரணமாக்கி நோயாளியையும் முதியவரையும் பார்க்காதிருப்பவர் தம் இயல்பைக் காக்கவில்லை, வசதியைக் காக்கிறார். எமக்கும் அவருக்கும் உள்ள உறவு எமக்கு நன்கு தெரியும். விடுப்பு இல்லை என்று சொன்ன பொய்யைப் பெரிய பாட்டனாரிடம் அவளே திருத்தவேண்டும் என்றும் சொன்னோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. பின், "என்னவென்று சொல்வது?" என்றாள். "எவ்வளவு நேரம் இருப்பாய் என்று சொல்" என்றோம்.

அவள் அவ்வாறே அவருக்குத் தொலைபேசியில் சொன்னாள். வரவேற்புக்கு வரமாட்டேன், முகூர்த்தத்தன்று விடியற்காலை ஐந்து மணிக்கே வந்துவிடுவேன், மதிய விருந்து முடியும் வரை இருப்பேன், பரிமாறுவேன். அவர் "சரி" என்று மட்டும் சொன்னாராம். சொன்னபடி வந்தாள். பந்தியில் இரண்டு வரிசைக்கு மோர் ஊற்றினாள். இடையில் ஒரு மணி நேரம் அவளைக் காணவில்லை. தேடிப் போனபோது மண்டபத்தின் பின்னறையில், காது கேளாத எம் பெரியம்மாளின் அருகே அமர்ந்திருந்தாள். அந்த அம்மாளுக்கு வயது தொண்ணூற்றொன்று. அங்கே வேறு எவரும் இல்லை. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பெரியம்மாள் அவள் கையைத் தம் மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார்.

தமையனார் இன்னும் முழுதாகச் சமாதானம் அடையவில்லை. வரவேற்புப் புகைப்படத்தில் எம் பேத்தி நிற்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறதாம்.